நிறம் சொன்ன பெயர்கள்: அந்தமான் நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிகளும் சிற்றினம் என்னும் சிக்கலும்

1758இல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் கார்ல் லின்னேயஸ் ஒரே வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டு பெயர்களைச் சூட்டினார். கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும், இன்று காமன் மார்மன் என்று அறியப்படும் பூச்சி அது. கரிய சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட ஆணுக்கு அவர் இட்ட பெயர் 'பாம்மன்'. பின்சிறகில் வெண்திட்டும் செந்நிறப் பிறைகளும் கொண்ட பெண்ணுக்கு இட்ட பெயர் 'பாலிட்டெஸ்'. கிரேக்கக் காவிய மரபில் இவ்விருவரும் டிராய் மன்னன் பிரியாமின் மைந்தர்கள். ஒரே சிற்றினத்தின் ஆணும் பெண்ணும் அறிவியல் ஏட்டில் இரு சகோதரர்களாகப் பதிவாயினர். 1775இல் பீட்டர் கிராமர், இதே பூச்சியின் மற்றொரு பெண் வடிவத்துக்கு 'ரோமுலஸ்' என்று மூன்றாவது பெயரைச் சூட்டினார்.

இதை லின்னேயஸின் கவனக்குறைவாகக் கொள்வது பொருந்தாது. அவர் முன் இருந்தவை உலர்ந்த சிறகுகள் மட்டுமே. அவை இணைசேர்ந்ததையோ, ஒரே செடியில் முட்டையிட்டதையோ, ஒரே தாயின் வயிற்றில் பிறந்ததையோ அவர் கண்டதில்லை. உயிரற்ற மாதிரியில் எஞ்சி நிற்கும் சான்றுகளுள் கண்ணுக்கு முதலில் படுவது நிறம். எனவே நிறமே முதற்சாட்சியாயிற்று. அச்சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினா அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குப் பூச்சியியலாளர்களை அலைக்கழித்தது. அவ்வினா கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று அந்தமான் நிக்கோபார்த் தீவுக்கூட்டம்.

இச்சிக்கல் வண்ணத்துப்பூச்சிகளுக்கு மட்டும் உரியதன்று. பம்பிள் தேனீக்களின் வரலாறு இதைவிடக் குழப்பமானது. உலகில் இன்று ஏற்கப்பட்டுள்ள பம்பிள் தேனீச் சிற்றினங்கள் ஏறத்தாழ 250 மட்டுமே. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர்களோ 2,800க்கும் மேல். ஒரே சிற்றினம் ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சள் பட்டையுடனும் அடுத்த பள்ளத்தாக்கில் வெண்பட்டையுடனும் இருக்கும். ஒரே பள்ளத்தாக்கில் வாழும் வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே வண்ணப் போர்வையை அணிந்திருக்கும். ஜெர்மானிய நரம்பியலாளர் ஆஸ்கர் ஃபோக்ட், பின்னாளில் லெனினின் மூளையை ஆராய்ந்ததற்காகப் பெயர் பெற்றவர், இந்த நிற மாறுபாடுகளைப் புரிந்துகொள்ளப் பெருந்தொகையான பம்பிள் தேனீக்களைத் திரட்டி, சிற்றினம் என்றால் என்ன என்னும் வினாவை முன்வைத்து 1909, 1911 ஆண்டுகளில் ஆய்வுகளை வெளியிட்டார். குளிர்நிலத்துக்குரிய இத்தேனீக்கள் இந்தியாவில் பெரும்பாலும் இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் வாழ்பவை, அந்தமானில் இல்லை. ஆனால் பம்பிள் தேனீக்கு மலைப் பள்ளத்தாக்கு எப்படியோ, வண்ணத்துப்பூச்சிக்குத் தீவு அப்படி. ஒவ்வொன்றும் தனித்தனி நிறச் சோதனைக்கூடம்.

நிக்கோபாரின் இயற்கை வரலாறு ஐரோப்பிய ஏடுகளில் இடம்பெறத் தொடங்கியதற்குத் தமிழகக் கரையோடு தொடர்புண்டு. தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் செய்த டேனியர்கள் 1756இல் நிக்கோபாரைத் தங்களுடையதாக அறிவித்தனர். தரங்கம்பாடியில் தங்கியிருந்த மொரேவிய சமயப் பணியாளர்கள் 1768 முதல் 1787 வரை நன்கவுரியில் ஒரு நிலையம் நடத்திக் காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்துத் திரும்பினர். 1846இல் உலகைச் சுற்றிவந்த டேனியக் கப்பல் 'கலத்தியா' நிக்கோபாருக்கு வந்தது. பெரிய நிக்கோபாரின் ஆறும் விரிகுடாவும் இன்றும் அக்கப்பலின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

1858ஆம் ஆண்டின் தொடக்கம் இத்தீவுகளின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆஸ்திரியப் போர்க்கப்பல் 'நோவாரா' தன் அறிவியல் பயணத்தில் அவ்வாண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிக்கோபாரில் தங்கியது. அதே மார்ச் 10ஆம் நாள், வடக்கே போர்ட் பிளேரில், 1857 கிளர்ச்சியை அடுத்துத் தண்டிக்கப்பட்ட 200 கைதிகளுடன் ஜே. பி. வாக்கர் கரையிறங்கினார். ஒரு தீவுக்கூட்டத்தில் பூச்சிவலைகள் விரிந்துகொண்டிருந்த வேளையில் மற்றொன்றில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் இவ்விரண்டும் பிரிக்க முடியாதவாறு பின்னிக்கொண்டன. இத்தீவுகளிலிருந்து அருங்காட்சியகங்களுக்குச் சென்ற மாதிரிகளில் பெரும்பங்கு, கைதிக் குடியேற்றத்தை நடத்திய அதிகாரிகளின் கைவழியாகவே சென்றது.

நோவாரா கொண்டுசென்ற பூச்சிகள் வியன்னாவை அடைந்தன. அங்கு கயேட்டன் ஃபெல்டர் என்னும் வழக்கறிஞர், பின்னாளில் அந்நகரின் மேயரானவர், வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார். நிக்கோபாரிலிருந்து வந்த ஒரு கரிய பூச்சி, இந்தியக் காமன் மார்மனைப் போன்றும் அதிலிருந்து சற்று வேறுபட்டும் இருக்கக் கண்டு, 1862இல் அதற்கு 'பாப்பிலியோ நிகோபாரஸ்' என்று பெயரிட்டார். லின்னேயஸ் நூறாண்டுகளுக்கு முன்பே இரு பெயர்களாகப் பிரித்திருந்த பூச்சியின் தீவு உறவினர் அது. நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. தீவு வேறு என்பதும் தெரிந்தது. புதிய சிற்றினம் என்று அறிவிக்க அக்காலத்தில் அவ்வளவே போதுமாயிருந்தது.

அக்காலத்தவரைப் பெயரிடத் தூண்டிய நடைமுறை ஒன்றையும் இங்குக் கருத வேண்டும். 1842இல் ஹியூ ஸ்டிரிக்லேண்ட் முன்னின்று வகுத்த விதிகள், முதலில் வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை என்னும் கொள்கையை நிலைநாட்டின. ஐயத்துடன் காத்திருப்பவர் பெயரிடும் உரிமையை இழப்பார். துணிந்து அச்சிட்டவரின் பெயர் நிற்கும். பின்னர் பிழையென்று தெரிந்தால் அப்பெயர் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் ஒதுங்கும். அதனால் பெயரிட்டவருக்குப் பெரிய இழப்பில்லை. ஒரு நிற வேறுபாட்டைக் கண்டதும் பெயரிட்டுவிடும் பழக்கத்தை இந்த ஏற்பாடு ஊக்குவித்தது.

1864இல் லின்னேயக் கழகத்தில் படித்து மறு ஆண்டு அச்சிட்ட கட்டுரையில் ஆல்பிரட் ரசல் வாலஸ் இப்பழக்கத்துக்கு ஒரு தடை எழுப்பினார். மலேயத் தீவுகளில் எட்டாண்டுகள் தாமே வலை பிடித்தவர் அவர். காமன் மார்மனின் வெவ்வேறு பெண் வடிவங்கள் தனித்தனிச் சிற்றினங்கள் அல்ல, ஒரே சிற்றினத்தின் பல உருவங்கள் என்று அவர் விளக்கினார். ஒரு பெண் வடிவம் காமன் ரோஸ் பூச்சியைப் போலவும், மற்றொன்று கிரிம்சன் ரோஸ் பூச்சியைப் போலவும் தோன்றுகிறது. ஆடுதீண்டாப்பாளை, ஈச்சுரமூலி முதலிய கொடிகளைத் தின்று வளரும் ரோஸ் பூச்சிகளின் உடலில் நஞ்சு சேர்கிறது. பறவைகள் அவற்றைத் தவிர்க்கின்றன. நஞ்சற்ற மார்மன் பெண், நஞ்சுடையதன் உடையை அணிந்து உயிர் தப்புகிறது. ஹென்றி பேட்ஸ் 1862இல் அமேசான் பூச்சிகளைக் கொண்டு முன்வைத்த போலித்தோற்றக் கொள்கைக்கு இது வலுவான ஆசியச் சான்று. இதன் உட்பொருள் வகைப்பாட்டியலாளர்களுக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. உறவுள்ளவை வெவ்வேறு நிறத்திலும் உறவற்றவை ஒரே நிறத்திலும் இருக்கக்கூடும் என்றால், நிறத்தைக் கொண்டு உறவைத் தீர்மானிப்பது எங்ஙனம்?

ஆயினும் அந்தமான் பூச்சிகளுக்குப் பெயரிடும் பணி விரைந்து நடந்தது. வங்காளக் கல்வித் துறையின் இயக்குநராக இருந்த வில்லியம் ஸ்டீபன் அட்கின்சன், நீலம் தோய்ந்த ஒரு பெரிய கரிய பூச்சிக்குப் 'பாப்பிலியோ மேயோ' என்றும், கரும்பழுப்புப் பூச்சியொன்றுக்கு 'யூப்ளோயா அந்தமானென்சிஸ்' என்றும் பெயரிட்டார். அவை வெளியானது 1874 அளவில். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1872 பிப்ரவரி 8 அன்று, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையில் ஹோப் டவுன் படகுத்துறையில் ஷேர் அலி அஃப்ரிடி என்னும் கைதியால் வைஸ்ராய் மேயோ பிரபு குத்திக் கொல்லப்பட்டார். அந்தமான் காடுகளில் பறக்கும் அப்பூச்சியின் பெயர் அந்த மாலைப்பொழுதை இன்றும் நினைவூட்டுகிறது.

1876இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆர்தர் கார்டினர் பட்லர், அந்தமானின் வாலுடைய பூச்சியொன்றுக்கு 'ரோடிஃபெர்' என்று பெயரிட்டார். உரோசா நிறத்தை ஏந்தியது என்பது அதன் பொருள். சுமத்ரா, மலேயாப் பகுதிகளில் வாழும் அதன் உறவினமான 'கூன்' பூச்சியின் வால்நுனி கரியது. அந்தமான் பூச்சியின் வால்நுனியிலோ செந்நிறம் துலங்குகிறது. பத்துப் பாகைக் கால்வாய்க்குத் தெற்கே நிக்கோபாரில் வாழும் வடிவத்துக்கு, அமெரிக்கச் சேகரிப்பாளர் வில்லியம் டோஹர்ட்டி 1886இல் 'சம்பிலானா' என்று பெயரிட்டார். பெரிய நிக்கோபாரின் பழைய பெயரான சாம்பெலோங் அப்பெயரில் ஒலிக்கிறது.

1877இல் ஃபிரெடெரிக் மூர், அந்தமான் நிக்கோபாரின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றிய விரிவான முதற்பட்டியலை இலண்டன் விலங்கியல் கழக வெளியீட்டில் அச்சிட்டார். இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய அருங்காட்சியகத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். நிக்கோபாரின் கமோர்ட்டாத் தீவிலிருந்து வந்த ரோஸ் பூச்சிக்கு அத்தீவின் பெயரையே 'கமோர்ட்டா' என்று சூட்டினார். நுண்ணிய வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பது மூரின் இயல்பு. யூப்ளோயா என்னும் ஒரே பேரினத்தை, ஆண் பூச்சியின் சிறகிலுள்ள மணச்செதில் தடங்களின் வடிவத்தைக் கொண்டு அவர் பல பேரினங்களாக உடைத்தார். அவையனைத்தும் இன்று மீண்டும் யூப்ளோயாவுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டன.

மூருக்கு மாற்றான அணுகுமுறை கொல்கத்தாவில் உருவாயிற்று. இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் வுட்-மேசனும் லயனல் டி நிசேவிலும் 1880, 1881 ஆண்டுகளில் போர்ட் பிளேர், நிக்கோபார் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியல்களை வங்காள ஆசியக் கழக இதழில் வெளியிட்டனர். தீவுகள் அவர்களுக்குக் கப்பல் தொலைவில் இருந்தன. உயிருள்ள பூச்சிகள் வீட்டுத் தோட்டத்திலேயே இருந்தன. 1886இல் டி நிசேவில், கொல்கத்தாவின் பழுப்பு நிறப் பூச்சிகள் சிலவற்றைப் புழுப்பருவம் முதல் வளர்த்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். மழைக்காலத்தில் சிறகின் அடியில் தெளிவான கண்புள்ளிகளுடன் தோன்றுபவையும், வறட்சிக்காலத்தில் கண்புள்ளியின்றிச் சருகு நிறத்தில் தோன்றுபவையும் தனித்தனிச் சிற்றினங்களாகப் பெயரிடப்பட்டிருந்தன. வளர்த்துப் பார்த்தபோது அவை ஒரே சிற்றினத்தின் பருவகால உடைகள் என்பது வெளிப்பட்டது. பேழைக்குள் பல ஆண்டுகள் பார்த்தும் தீராத ஐயத்தை வளர்ப்புக் கூண்டு தீர்த்துவைத்தது.

கொல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் தீவு மாதிரிகளை அனுப்பியவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் ஃபிரெடரிக் அடால்ஃப் டி ரோப்ஸ்டார்ஃப். டேனியரான அவர் பிரிட்டிஷ் அரசின் கீழ் அந்தமானிலும், பின்னர் கமோர்ட்டாவில் 1869 முதல் இயங்கிய கைதி நிலையத்திலும் பணியாற்றினார். பறவை, பூச்சி, சிப்பி ஆகியவற்றைச் சேகரித்த அதே கையால் நிக்கோபாரியர் மொழியின் சொற்களையும் திரட்டினார். அவர் அனுப்பிய கூகை ஒன்றை ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1875இல் புதிய சிற்றினமாக அறிவித்து 'டெரோப்ஸ்டார்ஃபி' என்று பெயரிட்டார். பிந்தைய அறிஞர்கள் அதனை உலகெங்கும் பரவிய கூகையின் தீவு வடிவம் மட்டுமே என்று தாழ்த்தினர். அண்மைக்கால வகைப்பாடுகள் அதனை அந்தமானுக்கே உரிய தனிச் சிற்றினமாக மீண்டும் ஏற்றுள்ளன. அதன் செம்பழுப்பு நிறம் பொய் சொல்லவில்லை. நிறச் சாட்சியம் எப்போதும் பிழை என்று ஒதுக்குவதும் தவறு என்பதற்கு இப்பறவை எடுத்துக்காட்டு.

1883 அக்டோபரில் ரோப்ஸ்டார்ஃப் கமோர்ட்டாவில் ஹவில்தார் ஒருவரால் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் தொகுத்த நன்கவுரி வழக்கு அகராதியை அவர் மனைவி பதிப்பிக்க, 1884இல் அது வெளிவந்தது. 1888இல் கமோர்ட்டா நிலையம் மூடப்பட்டது. மூர் சூட்டிய பூச்சிப்பெயர் மட்டும் அத்தீவின் பெயரை வகைப்பாட்டில் நிலைநிறுத்தியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கலுக்கு ஒரு நடைமுறைத் தீர்வு கிட்டியது. பேரினம், சிற்றினம் என்னும் இரு சொற்களோடு துணைச்சிற்றினம் என்னும் மூன்றாம் சொல்லைச் சேர்க்கும் முறை வழக்குக்கு வந்தது. டபிள்யூ. எச். எவன்ஸ் 1927இல் வெளியிட்ட இந்திய வண்ணத்துப்பூச்சிகளை இனங்காணும் நூலும் அதன் 1932ஆம் ஆண்டுப் பதிப்பும் இம்முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தன. ஃபெல்டரின் நிகோபாரஸ் காமன் மார்மனின் துணைச்சிற்றினமாயிற்று. மூரின் கமோர்ட்டா காமன் ரோஸின் துணைச்சிற்றினமாயிற்று. பெரிய நிக்கோபாரை ஒட்டிய சிறுதீவான கொண்டுலின் பெயரால் 'கொண்டுலானா' என்னும் மற்றொரு துணைச்சிற்றினத்தையும் எவன்ஸ் 1932இல் சேர்த்தார். 1923 முதல் 1931 வரை தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த எம். எல். ஃபெரார் தாமே பூச்சி சேகரித்தவர். அவருடைய பட்டியல் 1948இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. மூன்றாம் சொல் வந்தபின், நிறம் சிற்றினத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இழந்து, தீவைக் குறிக்கும் அடையாளமாக நின்றது.

நிறம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு விடை, முதலில் இலங்கையிலிருந்து வந்தது. அங்கு காமன் மார்மனைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜே. சி. எஃப். ஃபிரையர், மூன்று பெண் வடிவங்களும் மெண்டலின் மரபு விதிகளுக்கு உட்பட்டே தோன்றுகின்றன என்று 1913 அளவில் காட்டினார். ஆண் அக்காரணிகளைச் சுமந்தாலும் தன் சிறகில் வெளிக்காட்டுவதில்லை. நூறாண்டுகளுக்குப் பின், 2014இல், கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வாளர்களும் அக்காரணி 'டபுள்செக்ஸ்' என்னும் ஒற்றை மரபணு என்று 'நேச்சர்' இதழில் நிறுவினர். பூச்சிகளில் ஆண், பெண் உடல் வேறுபாட்டை வழிநடத்தும் மரபணு அது. 2019இல் வட அமெரிக்கப் பம்பிள் தேனீ ஒன்றின் செந்நிற, கருநிற வடிவங்களுக்கு உடற்கண்டங்களின் அமைப்பை வழிநடத்தும் ஹாக்ஸ் மரபணு ஒன்றின் செயல்மாற்றம் காரணம் என்று கண்டறியப்பட்டது. ஓரிடத்தில் நிகழும் சிறு மாற்றம் முழு உடையையும் மாற்றிவிட முடியும். அதற்குச் சிற்றினம் பிரிய வேண்டியதில்லை. லின்னேயஸ் இடறியதும் ஃபோக்ட் தேடியதும் இந்த இடமே.

இவ்வரலாறு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சிகளும் இடம்பெற்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தைய முதற்பட்டியலில், காமன் மைம் என்னும் பூச்சியின் 'கமிக்ஸ்டஸ்' என்ற ஒரு நிற வடிவம் மட்டும் தனியே பெயர் குறிக்கப்பட்டிருந்தது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வெவ்வேறு வடிவங்கள் வெளிவரக்கூடிய சிற்றினத்தில் ஒரு நிறத்துக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேழைப் பார்வை, இருபதாம் நூற்றாண்டின் சட்டத்துக்குள் புகுந்ததன் தடம் இது. அதே பட்டியலில் டோஹர்ட்டியின் சம்பிலானாவும் பழைய பேரினப் பெயருடன் இடம்பெற்றிருந்தது.

சம்பிலானாவைக் 'கூன்' பூச்சியின் துணைச்சிற்றினம் என்று கொண்டால், அது அழிந்தாலும் சிற்றினம் வேறிடத்தில் வாழும் என்று ஒருவர் வாதிடலாம். தனிச் சிற்றினம் என்று கொண்டால், நிக்கோபார்க் காட்டோடு அது உலகிலிருந்தே மறையும். பெரிய நிக்கோபாரில் கலத்தியா விரிகுடாத் துறைமுகம் உள்ளிட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சூழலியல் அனுமதி வழங்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்ட காட்டுநிலம் ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். இந்நிலையில் ஒரு பெயரின் மூன்றாம் சொல் இரண்டாம் சொல்லாக உயருமா என்பது வெறும் இலக்கண வினா அன்று. 'டெரோப்ஸ்டார்ஃபி' கூகை அவ்வாறு உயர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காடு அவ்வளவு காலம் காத்திருக்குமா என்று சொல்வதற்கில்லை.

அதற்கான சான்றுகள் இன்று பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. பழைய மாதிரிகள் இலண்டன், வியன்னா, கொல்கத்தா அருங்காட்சியகங்களில் உள்ளன; இந்திய விலங்கியல் அளவாய்வகத்தின் வட்டார மையம் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், இயங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையோடு நிலமும் தாழ்ந்ததில் இந்திரா முனையின் கலங்கரை விளக்கைக் கடல் சூழ்ந்தது. கரையோரக் காடுகள் பல அழிந்தன. அதற்கு முன் எத்தீவில் எது பறந்தது என்பதற்குப் பழைய மாதிரிகளே முதன்மைச் சான்று. அவற்றின் சிறகு நிறம் ஆண்டுகள் கழியக் கழிய மங்கும். ஊசியில் கோத்த துண்டுச்சீட்டில் தீவின் பெயரும் நாளும் எழுதப்பட்டிருந்தால், நிறம் மங்கிய பின்னும் அம்மாதிரி சாட்சி சொல்லும்.